புதன்கிழமைக் கூலி

2011 டிசம்பரை எல்லையில் வாழ்கிற எவரும் மறந்திருக்க முடியாது. முல்லைப் பெரியாறு விவகாரம் கொதித்துக்கொண்டிருந்தது. கம்பம், கூடலூர் பக்கம் கடைகள் அடைத்துக் கிடந்தன. குமுளியை நோக்கி ஆயிரக்கணக்கில் ஆட்கள் திரண்டு போனார்கள். இடுக்கி ஏலத் தோட்டங்களில் வேலைக்குப் போயிருந்த நம் பெண்கள் அடிக்கும் ஏச்சுக்கும் பயந்து, மூட்டை முடிச்சோடு காட்டுப் பாதையில் தேனிப் பக்கம் இறங்கி வந்தார்கள். நாம் எல்லோரும் அப்போது ஏதாவது ஒரு மேடையில் இருந்தோம். மேடை கிடைக்காதவர்கள் கீழே நின்று கைதட்டினோம்.

அதே டிசம்பரில்தான் தமிழ்நாடும் கேரளமும், இந்தியாவின் முதல் இரண்டு மாநிலங்களாக, ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசி என்ற ஏற்பாட்டைத் தொடங்கின. பென்டாவேலன்ட் என்று அதற்குப் பெயர். தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி, பி வகை மஞ்சள் காமாலை, கைக்குழந்தைகளுக்கு நிமோனியாவையும் மூளைக்காய்ச்சலையும் கொண்டுவரும் ஹிப் கிருமி ஆகிய ஐந்துக்கும் சேர்த்து ஒன்றரை மாதத்தில் ஒன்று, இரண்டரையில் ஒன்று, மூன்றரையில் ஒன்று. மற்ற மாநிலங்கள் எல்லாவற்றுக்கும் அது போய்ச் சேர ஆண்டுகள் ஆயின. அணைக்காக முறைத்துக்கொண்டிருந்த இரு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதத்தில் ஒரே மருந்து வந்தது. நம் துண்டறிக்கைகளில் அதற்கு இடமிருக்கவில்லை. காட்டுப் பாதையில் இறங்கி வந்த பெண்களின் இடுப்பில் இருந்த குழந்தைக்கு அடுத்த ஊசி எப்போது, அதை எந்தப் பக்கம் போய்ப் போட்டுக்கொள்வது என்று நாம் யாரும் கேட்கவில்லை.

‘நாம்’ யார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் பழி எல்லோர் தலையிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெறித்துக் காணாமல் போய்விடும். பாலக்காட்டின் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், வாளையார், அட்டப்பாடி. இடுக்கியின் மூணாறு, மறையூர், வட்டவடை, பூப்பாறை, நெடுங்கண்டம், வண்டிப்பெரியாறு. இந்த ஊர்களில் தமிழில் படித்து, தமிழில் பேசிப் பேர் வாங்கிய ஆசிரியர்கள், தொழிற்சங்கத் தலைவர்கள், இலக்கிய மன்றத்தார், கோயில் கமிட்டியார், பஞ்சாயத்து உறுப்பினர்கள், பத்திரிகைக்கு எழுதுகிறவர்கள். 1956இல் தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தோடு போனதைப் பற்றி இன்றைக்கும் ஒரு மணி நேரம் மூச்சு விடாமல் பேசக்கூடியவர்கள். இந்தக் கட்டுரையில் குற்றவாளி இந்தக் கூட்டம்தான். ஊசி போடாமல் விட்ட தாய்மார்கள் இந்தப் பட்டியலில் இல்லை. அவர்களுக்கான நியாயம் அவர்களிடம் இருக்கிறது.

அந்த நியாயத்துக்கு ஒரு கிழமை உண்டு. புதன்கிழமை. தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி நாள் புதன். கேரளத்துக் குடும்பாரோக்கிய கேந்திரத்திலும் புதன்தான். தண்ணீரிலும் மொழியிலும் பேருந்து பர்மிட்டிலும் ஒத்துப்போகாத இரண்டு அரசுகள் இந்த ஒன்றில் ஒத்துப்போயிருக்கின்றன. சம்பளக்காரர்களுக்கு அது நல்ல நாள். ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிற பெண்ணுக்கு அது ஒரு நாள் கூலி.

போடி, தேவாரம், கோம்பை, கம்பம் பக்கத்திலிருந்து விடியும் முன் ஜீப்புகள் கிளம்புகின்றன. போடிமெட்டு வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் மலையேறி, சாயங்காலம் திரும்புகின்றன. ஒரு நாள் வரவில்லை என்றால் கூலி போகும். அடிக்கடி வரவில்லை என்றால் ஜீப்பில் இடமே போகும். புதன்கிழமை ஊசி போட்டால் இரவில் பிள்ளைக்கு உடம்பு சுடும், தொடையில் ஊசி போட்ட இடம் வீங்கிச் சிவக்கும், பால் குடிக்காமல் அழும். அது ஊசி வேலை செய்கிறது என்பதற்கான சாதாரண அடையாளம், ஓரிரு நாளில் தணிந்துவிடும், பாரசிட்டமால் சொட்டு போதும். மருத்துவருக்கு இது ஒரு வரி. அந்தத் தாய்க்கு இது வியாழக்கிழமைக் கூலி. பாட்டியிடம் விட்டுப்போகலாமே என்று நம்மைப் போன்றவர்கள் யோசனை சொல்வோம். “ஊசி போட்டுக் காச்சல் வந்துச்சுன்னா மக என்னையத்தான வைவா” என்று பாட்டி ஒதுங்கிக்கொள்வாள். அவளும் சொல்வது சரிதான்.

அந்தப் பிள்ளையின் தடுப்பூசி அட்டையை வாங்கிப் பார்த்தால் கதை முழுதும் அதிலேயே இருக்கும். ரேஷன் கார்டோடும் ஆதார் நகலோடும் சேர்த்து பாலிதீன் பையில் மடித்து வைத்திருப்பார்கள். மடிப்பில் காகிதம் நைந்திருக்கும். பிறந்த அன்றைய வரிசை நிரம்பியிருக்கும்: பி.சி.ஜி., போலியோ சொட்டு, மஞ்சள் காமாலை ஊசி. ஒன்றரை மாதம், இரண்டரை மாதம், மூன்றரை மாதம் மூன்றுக்கும் நீல மையில் தேதி, சில இடத்தில் கையெழுத்து. அதற்குக் கீழே ஒன்பது மாதம் முடிந்ததும் போட வேண்டிய தட்டம்மை–ரூபெல்லா கட்டம் காலி. ஒன்றே கால் வயதுக்கு மேல் போட வேண்டிய இரண்டாம் தவணையும் காலி. தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி மூன்றுக்குமான டி.பி.டி. ஊக்க ஊசியும் காலி. ஐந்து வயது வரிசையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மூன்றரை மாதம் வரை நிரம்பி, ஒன்பதாம் மாதம் ஏன் நிற்கிறது என்று புரிந்துகொள்ளப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தவள் மூன்று மூன்றரை மாதம் அங்கே இருக்கிறாள், செவிலியர் கூப்பிட்டால் போகிறாள். அப்புறம் மலையேறிவிடுகிறாள். பிள்ளைக்கு ஒன்பது மாதம் ஆகும்போது அவள் கையில் ஏலச் சரம் இருக்கிறது.

அட்டை போடியில் போட்டது. ஆள் இருப்பது சாந்தன்பாறையில். தமிழ்நாட்டில் கர்ப்பத்தைப் பதிந்தபோது கொடுத்த எண்ணோடு அவள் பெயர் ஒரு கிராம சுகாதார செவிலியரின் பட்டியலில் இருக்கும். அவர் வீடு தேடிப் போனால் வீடு பூட்டியிருக்கும். ‘வெளியூர்’ என்று எழுதிக்கொள்வார். மேலே தோட்டத்தில் கேரளத்துச் செவிலியரும் ஆஷா பணியாளரும் வைத்திருக்கும் பட்டியலில் அவள் பெயர் இல்லை, ஏனென்றால் அவள் அங்கே பிரசவிக்கவில்லை. ஒரு பட்டியலில் ‘வெளியூர்’, இன்னொன்றில் பெயரே இல்லை. இரண்டு அரசுகளின் கணக்கிலும் அந்தக் குழந்தையால் யாருக்கும் கெட்ட பெயர் வரவில்லை. நம் நாட்டுத் திட்டத்தின்படி எந்த மாநிலத்துக் குழந்தையும் எந்த மாநிலத்து அரசு மையத்திலும் இலவசமாக ஊசி போட்டுக்கொள்ளலாம். இதைத் தோட்டத்தில் போய்ச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் யார்? இரண்டு மொழியும் தெரிந்த நாம்தான். யூ-வின் என்று இப்போது நாடு முழுவதற்கும் ஒரே கணினிப் பதிவு வந்திருக்கிறது, நல்ல ஏற்பாடு. ஆனால் அதில் கொடுத்த செல்பேசி எண் புருஷனுடையதாகவோ ஆள் கூட்டிப்போகும் கங்காணியுடையதாகவோ இருந்தால், நினைவூட்டும் குறுஞ்செய்தி யார் சட்டைப் பையில் போய் விழும் என்று யோசித்துப் பாருங்கள்.

தோட்டம் என்று பொதுவாகச் சொல்வதும் நம் சோம்பல்தான். மூணாறின் பெரிய தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளர் குடியிருக்க வரிசை வீடுகளான லயம் இருக்கிறது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளக் காப்பகம் இருக்கிறது, ஆஸ்பத்திரி இருக்கிறது. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் ஐம்பது பெண்கள் வேலை செய்யும் இடத்தில் காப்பகம் வைக்க வேண்டும் என்றது. ஏலக்காட்டில் பெரும்பாலும் சிறு பண்ணைகள். அந்த ஐம்பது என்ற எண்ணிக்கைக்கு வெளியே நிற்பவை. அங்கே லயம் உண்டென்றால் தகரக் கொட்டகை. காப்பகம் என்றால் மரத்தடியில் கட்டிய தொட்டில். 2015 செப்டம்பரில் மூணாறில் தேயிலைத் தோட்டப் பெண்களின் பெம்பிளை ஒருமைப் போராட்டம் எழுந்தபோது நாம் பக்கம் பக்கமாக எழுதினோம். தினக்கூலி 232 ரூபாய் என்பதை உலகமே அறிந்தது. போனஸ் இருபது சதவீதம் கிடைத்தது, பெண்கள் தங்கள் சங்கத் தலைவர்களையே ஓரங்கட்டினார்கள் என்று பெருமைப்பட்டோம், பெருமைப்பட வேண்டியதும்தான். ஆனால் கூலி ஒப்பந்தம் பேசும்போது, பிள்ளைக்குத் தடுப்பூசி போடும் நாளைக்குக் கூலி பிடிக்கக் கூடாது என்று ஒரு வரி சேர்க்க வேண்டும் என்பது நமக்குத் தோன்றவில்லை. முதல் இரண்டு வயதில் ஐந்து தவணை. ஐந்து புதனுக்கும் அடுத்த வியாழனுக்கும் சேர்த்தாலும் பத்து நாள் கூலி. அதைக் கேட்டிருந்தால் எந்த முதலாளியும் திவாலாகியிருக்க மாட்டார்.

போலியோ ஏன் ஒழிந்தது என்பதை நாம் வேறு விதமாகச் சொல்லிப் பழகியிருக்கிறோம். நடிகர்கள் விளம்பரத்தில் வந்தார்கள், மக்கள் விழித்துக்கொண்டார்கள் என்று. சொட்டு மருந்து ஞாயிற்றுக்கிழமை கொடுத்தார்கள் என்பதை யாரும் குறிப்பிடுவதில்லை. வேலூரில் டாக்டர் டி. ஜேக்கப் ஜான் எண்பதுகளிலேயே குறிப்பிட்ட நாளில் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே நேரத்தில் சொட்டு கொடுக்கும் முறையைச் செய்து காட்டினார். 1995 டிசம்பரில் அது நாடு முழுதும் பரவியது. ஞாயிறன்று மருந்துப் பெட்டி ஆளைத் தேடிப் போனது. பேருந்து நிலையம், ரயிலடி, வாளையார் மாதிரிச் சோதனைச்சாவடி, சந்தை, திருவிழாக் கூட்டம் என்று எங்கே பிள்ளை இருக்கிறதோ அங்கே. எந்த ஊர், எந்த மாநிலம், அட்டை எங்கே என்ற கேள்வியில்லை. வாயைத் திற, இரண்டு சொட்டு, விரலில் மை. 2011 ஜனவரி 13 அன்று ஹவுராவில் கண்டதே இயற்கைப் போலியோக் கிருமி தாக்கிய நாட்டின் கடைசி நோயாளி. 2014 மார்ச் 27இல் உலக சுகாதார அமைப்பு சான்றிதழ் தந்தது. எல்லை தெரியாத ஒரு திட்டம் எப்படி இருக்கும் என்பதை நம் கண்ணாலேயே பார்த்தோம். பார்த்துவிட்டு, மற்ற எட்டுப் பத்து நோய்களுக்கு மட்டும் ஏன் அவள் புதன்கிழமை வந்து வரிசையில் நிற்க வேண்டும் என்று கேட்காமல் இருந்தோம்.

ஊசி சொட்டு மாதிரி எளிதல்ல, உண்மைதான். தட்டம்மை மருந்து தூளாக வரும். நீரில் கலக்கிய நான்கு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும், மிஞ்சியதைக் கொட்ட வேண்டும். ஒரு குப்பியில் பல குழந்தைகளுக்கான மருந்து இருக்கும். ஒரே ஒரு குழந்தை வந்தாலும் குப்பியைத் திறக்க வேண்டும் என்பதே விதி. ஆனாலும் “அடுத்த வாரம் வாங்க, நாலு பிள்ளைங்க சேரட்டும்” என்று திருப்பி அனுப்பும் பழக்கம் ஊர் ஊருக்கு உண்டு. வீணாகும் மருந்துக்குக் கணக்குக் கேட்பார்கள் என்ற பயம் செவிலியருக்கு. திரும்பிப் போன பிள்ளைக்குக் கணக்குக் கேட்க யாருமில்லை. அந்தக் கணக்கைக் கேட்க வேண்டிய இடத்தில், ஆஸ்பத்திரி ஆலோசனைக் குழுவிலும் பஞ்சாயத்திலும், நம் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

இடமலைக்குடியையும் பரம்பிக்குளத்தையும் இங்கே சொல்லாமல் போக முடியாது. இடமலைக்குடி முதுவர்களின் ஊர்; 2010இல் கேரளத்தின் முதல் பழங்குடிப் பஞ்சாயத்தானது. பெட்டிமுடியிலிருந்து காட்டுக்குள் போக வேண்டும், மழைக்காலத்தில் ஜீப்பும் கைவிடும். பரம்பிக்குளமோ பாலக்காடு மாவட்டம், முதலமடைப் பஞ்சாயத்து. ஆனால் பாலக்காட்டிலிருந்து அங்கே போக வேண்டுமென்றால் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, பொள்ளாச்சி வழியில் சேத்துமடை ஏறி, டாப்சிலிப்பைத் தாண்டி மறுபடி கேரளத்துக்குள் போக வேண்டும். இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து, பனிக்கட்டிப் பொதிகளுக்கு நடுவே ஒரு சின்னப் பெட்டியில், இரண்டு மாநில எல்லையைத் தாண்டி காடர், மலசர் குடிகளுக்குப் போகிறது. அந்தப் பெட்டியைத் தோளில் போட்டு நடக்கிற செவிலியர்களைப் பற்றி நாம் எழுதியதெல்லாம் ‘தியாகம்’ என்ற தலைப்பில் படத்தோடு அரைப்பக்கம். பெட்டி எத்தனை மாதம் போகவில்லை என்பது நமக்குச் செய்தியாகவில்லை. அட்டப்பாடியும் இப்படித்தான். 2013இல் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தபோது வேன் பிடித்து அகளிக்கும் கோட்டத்துறைக்கும் போனோம். ஊட்டச்சத்து, நிலம், சாராயம் என்று எல்லாவற்றையும் எழுதினோம். பசியில் இருக்கும் பிள்ளைக்குத் தட்டம்மை வந்தால் என்னாகும் என்ற கேள்வி நம் கட்டுரைகளில் எங்கோ ஓரத்தில்கூட இடம்பெறவில்லை.

என்னாகும் என்றால், தட்டம்மை உடம்பில் இருக்கும் வைட்டமின் ஏ சத்தை உறிஞ்சிவிடும், கண் போகலாம். நுரையீரலில் நீர் கோக்கும், வயிற்றுப்போக்கு வரும். அதோடு அது நிற்பதில்லை. வேறு கிருமிகளை முன்னே சந்தித்து உடம்பு சேர்த்து வைத்திருந்த எதிர்ப்பாற்றலின் நினைவையே அது அழித்துவிடுகிறது என்று 2019இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. அம்மை இறங்கிப் பல மாதம் கழித்து வேறு ஏதோ சளிக் காய்ச்சலில் பிள்ளை போய்விடும். யாரும் அதைத் தட்டம்மைக் கணக்கில் எழுத மாட்டார்கள். ஒரு நோயாளியிடமிருந்து பன்னிரண்டிலிருந்து பதினெட்டுப் பேருக்குத் தொற்றக்கூடியது அது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து குழந்தைகளுக்காவது இரண்டு தவணையும் போயிருந்தால்தான் ஊர் தப்பும். ஐந்து வீட்டுக்கு ஒரு வீடு விட்டுப்போன லயத்துக்குள் அது நுழைந்தால் எதுவும் தடுக்காது.

நம் வீடுகளில் அதற்கு மணல்வாரி என்று பெயர். அம்மை போட்டிருக்கிறது, வேப்பிலை கட்டு, தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை ஆஸ்பத்திரிப் பக்கம் போகாதே. ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு மாரியம்மன் கோயில். அதன் கமிட்டியில் நாம். வழிபாட்டைக் கேலி செய்கிற பகுத்தறிவுக் கட்டுரை ஒரு பக்கம் எழுதினோம். அந்த வழிபாட்டின் பண்பாட்டுச் செழுமை பற்றி மறுபக்கம் எழுதினோம். பங்குனிப் பொங்கலுக்கு ஊரே கூடும் அந்த மூன்று நாளில், கோயில் மண்டபத்தில் ஒரு மேசை போட்டுச் செவிலியரை உட்காரவைத்தால் விட்டுப்போன பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே நாளில் போட்டுவிடலாமே என்ற சாதாரண யோசனை இரண்டு கட்சிக்கும் வரவில்லை. ஒலிபெருக்கிக்கு அனுமதி வாங்கத் தெரிந்த கமிட்டிக்கு இதற்கு ஒரு கடிதம் எழுதத் தெரியாதா?

பத்திரிகைக்காரர்களாக நாம் செய்தது இன்னும் மோசம். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட நான்கு கைக்குழந்தைகள் இறந்தன. மறைக்கக்கூடாத செய்தி, எழுதியது சரி. ஒரு வாரம் எழுதினோம். அதைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு கிராமத்துக்கே போய் ஊசி போடுவதை நிறுத்தி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தால்தான் ஊசி என்று மாற்றியதே, அதை எழுதவில்லை. அங்கன்வாடி வாசலில் கிடைத்துக்கொண்டிருந்தது பேருந்து ஏறிப் போக வேண்டிய தூரத்துக்குப் போனது. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் முழுத் தடுப்பூசி பெற்ற குழந்தைகள் 2005–06இல் நூற்றுக்கு 80.9, 2015–16இல் 69.7. முன்னேறிய மாநிலம் என்று மார்தட்டிக்கொண்டிருந்த பத்தாண்டில் பதினொரு புள்ளி சரிந்தது. அது முழுதும் அந்த ஒரு முடிவால் என்று சொல்ல முடியாது. ஆனால் மலையடிவாரக் கிராமங்களுக்கு அந்த முடிவு என்ன செய்திருக்கும் என்று போய்ப் பார்ப்பது நம் வேலையாக இருந்தது.

அப்புறம் 2017. தட்டம்மை–ரூபெல்லா ஊசியை ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரை எல்லோருக்கும் போடும் இயக்கம் பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தொடங்கியது. வாட்ஸ்அப்பில் வதந்தி பறந்தது: ஊசி போட்டால் பிள்ளை பிறக்காது, வெளிநாட்டுச் சதி, நம் குழந்தைகள் மேல் சோதனை. அரசு நாளை நீட்டிக்க வேண்டி வந்தது. அந்த வதந்திகளுக்கு மண் எங்கிருந்து வந்தது? இயற்கை வாழ்வியல் என்ற பெயரில் நம் பத்திரிகைகளும் நம் சூழலியல் கூட்டங்களும் பல ஆண்டு போட்டு வைத்த எரு அது. பூச்சிமருந்தை எதிர்த்தவர்கள் என்ற மரியாதையில், தடுப்பூசியை எதிர்த்தவர்களுக்கும் அதே மேடையில் ஒலிவாங்கியைக் கொடுத்தோம். ‘இரு தரப்பும் பேசட்டும்’ என்றோம். ஒரு தரப்பில் இருநூறு ஆண்டு மருத்துவ அனுபவமும் மறுதரப்பில் ஒரு யூடியூப் சேனலும் இருந்தன. 2018இல் திருப்பூரில் வீட்டுப் பிரசவத்தில் ஒரு பெண் இறந்து, கோவையில் வீட்டுப் பிரசவப் பயிற்சி நடத்துவதாக விளம்பரம் செய்தவர் கைதானபோதுதான் நம்மில் சிலர் மெதுவாகப் பின்வாங்கினோம். வாளையாருக்கு அந்தப் பக்கம் கோவை. கோவையில் பேசியதெல்லாம் மறுநாளே சித்தூரிலும் கொழிஞ்சாம்பாறையிலும் கைபேசியில் ஓடும்.

2017 அக்டோபரில் கேரளத்தில் அதே தட்டம்மை–ரூபெல்லா இயக்கம். மலப்புரம் மாவட்டம் எடையூரில், பள்ளியில் ஊசி போட்டுக்கொண்டிருந்த செவிலியரை ஒரு கும்பல் தாக்கியது. பயந்த பெற்றோர் முன்னால் டாக்டர் ஷிம்னா அஸீஸ் தானே அந்த ஊசியைப் போட்டுக்காட்டினார். அதற்கு முன்பு 2015இலும் 2016இலும் மலப்புரத்தில் தொண்டை அடைப்பானால் குழந்தைகள் இறந்திருந்தன. 2022 நவம்பரில் தட்டம்மை பரவி, மத்தியக் குழு வந்தது. மலப்புரம் நமக்குப் பக்கத்து மாவட்டம். நாம் என்ன சொன்னோம்? ‘அது அவங்க பிரச்சினை’ என்றோம். ஒரு மதத்தின் அறியாமை என்று முத்திரை குத்திவிட்டு நிம்மதியாகத் தூங்கினோம். அந்த மாவட்டத்தில் மருத்துவர்களும் ஆசிரியர்களும் வீடு வீடாகப் போய் வாதாடினார்கள். நம் பக்கத்தில் வாதாடவே ஆளில்லை, ஏனென்றால் யாரும் ‘மாட்டேன்’ என்று சொல்லவில்லை. மறுப்பவர்களைத் தேடிக்கொண்டிருந்த கண்ணுக்கு, ஜீப்பில் ஏறிப் போனவர்கள் தெரியவில்லை.

தொண்டை அடைப்பானைப் பார்த்தவர்கள் இன்றைக்கு மருத்துவர்களிலேயே குறைவு. சாதாரணத் தொண்டை வலி, லேசான காய்ச்சல் என்று தொடங்கும். உள்நாக்கைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரு தோல் படரும்; உரித்தால் ரத்தம் கசியும். கழுத்து வீங்கி மாட்டுக் கழுத்து போலாகும். மூச்சு அடைக்கும். அதிலிருந்து தப்பினாலும் கிருமியின் நஞ்சு இதயத்தைத் தாக்கி, தேறிவிட்டது என்று நினைக்கும் நேரத்தில் பிள்ளை போய்விடும். அந்த நஞ்சை முறிக்கும் மருந்து குதிரையின் ரத்தத்திலிருந்து எடுப்பது. நோய் அரிதானதும் தயாரிப்பும் அரிதாயிற்று, தேவைப்படும் நாளில் ஊர் ஊராகத் தேட வேண்டியிருக்கும். 2016இல் கேரளத்தில் பாதிக்கப்பட்டவர்களில் பள்ளிப் பிள்ளைகளும் பெரியவர்களும் இருந்தார்கள். கைக்குழந்தையில் போட்ட மூன்று ஊசியின் பலம் வயதோடு தேய்கிறது; ஒன்றரை வயதிலும் ஐந்து வயதிலும் பத்திலும் பதினாறிலும் ஊக்க ஊசி இருப்பது அதனால்தான். நாம் பெருமைப்படும் ‘முழுத் தடுப்பூசி’ சதவீதத்தில் இந்த ஊக்க ஊசிகள் சேர்த்தியே இல்லை. ஒரு வயதுக்குள் போடுவதோடு அந்தக் கணக்கு முடிந்துவிடும். அந்தக் கணக்கிலும் கேரளம் 2015–16இல் இருந்த 82.1இலிருந்து 2019–20இல் 77.8க்கு இறங்கியது. தமிழ்நாடு அதே ஆய்வில் 89.2க்கு ஏறிவிட்டது. கேரளம் என்றாலே சுகாதாரம் என்று நாம் கண்ணை மூடிக்கொண்டிருந்த இடத்தில் ஐந்தில் ஒரு பிள்ளைக்கு மேல் குறைபட்டிருந்தது.

கொரோனாவில் நம் அக்கறையின் அளவு அம்பலமானது. 2020 ஏப்ரல், மே மாதங்களில் நாடெங்கும் வழக்கமான தடுப்பூசிப் பணி தடைபட்டது. சோதனைச்சாவடிகள் மூடின. வாளையாரில் சிக்கியவர்களுக்குச் சாப்பாடு கொடுத்தோம், அது நல்ல காரியம். 2021 ஆகஸ்டில் கேரளத்திலிருந்து வருகிறவர்கள் இரண்டு தவணை ஊசிச் சான்றிதழோ பரிசோதனைச் சான்றிதழோ காட்ட வேண்டும் என்று தமிழ்நாடு சொன்னது. தோட்ட முதலாளிகள், ஜீப்காரர்கள், சங்கத்தார், நாம், எல்லோரும் ஓடி ஓடிப் பெரியவர்களுக்கு ஊசி போட வைத்தோம். தோட்டத்துக்கே முகாமைக் கொண்டுபோனோம். ஞாயிற்றுக்கிழமைகளில் போட்டோம். கைபேசியில் சான்றிதழ் இறக்கிக் கொடுக்க இளைஞர்களை உட்காரவைத்தோம். ஆள் வேலைக்கு வர வேண்டுமே. அதே ஜீப்பில் மடியில் உட்கார்ந்து போன பிள்ளையின் அட்டையைக் காட்டு என்று எந்தச் சாவடியிலும் யாரும் கேட்கவில்லை. முடியாத காரியம் என்று எதுவும் இல்லை, மனமில்லை என்பது அந்த ஆறேழு மாதத்தில் ருசுவானது.

இனிச் செய்ய வேண்டியது ஒன்றும் புதிதல்ல. கூலி ஒப்பந்தத்தில் ஊசி நாளுக்குக் கூலி என்ற வரி. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி, வாளையார், கோபாலபுரம் சாவடிகளில் மாதம் ஒரு ஞாயிறு இரு மாநிலச் செவிலியர்களும் சேர்ந்து உட்காரும் முகாம். இதற்குத் தேனி, கோவை, இடுக்கி, பாலக்காடு மாவட்ட ஆட்சியர்கள் ஒருமுறை கூடி உட்கார்ந்தால் போதும். முதல் வகுப்பில் சேர்க்க வரும் பிள்ளையின் அட்டையை வாங்கிப் பார்த்து, காலிக் கட்டம் இருந்தால் அன்றே செவிலியருக்குப் போன் போடுவது. சேர்க்கையை மறுக்கக் கூடாது, அது பிள்ளையைத் தண்டிப்பது. இதை ஆசிரியர்கள் இந்த ஜூனிலேயே செய்யலாம், எந்த அரசாணையும் வேண்டாம்.

உங்கள் தோட்டத்துக்கு, உங்கள் வீட்டுக்கு வேலைக்கு வருகிற பெண்ணிடம் அட்டையைக் கேளுங்கள். தொலைந்துவிட்டது என்றால் அதற்காக யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்பதைச் சுகாதார நிலையத்துக்கு உடன் போய்ச் சொல்லுங்கள். விட்டுப்போன தட்டம்மை–ரூபெல்லா ஊசியை ஐந்து வயது வரை போட்டுக்கொள்ளலாம், டி.பி.டி. ஊசியை ஏழு வயது வரை. பத்து வயதுக்கும் பதினாறு வயதுக்கும் உரிய ரண ஜன்னி–தொண்டை அடைப்பான் ஊசி தனி. எல்லாம் இலவசம், மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்.